பத்தாவியத்தன்மை: ஊர்ப்பெயர் குற்றப்பெயரான வரலாறு

ஓர் ஊரின் பெயர் மொழியில் மூன்று படிகளில் நின்று வழங்கும். முதற்கண் அது இடத்தைச் சுட்டும். அடுத்து அவ்விடத்தில் வாழ்வாரைச் சுட்டும். மூன்றாவதாக, வாழ்வாரின் பேச்சு, ஒழுக்கம், கல்வி, கலை ஆகியவற்றுள் எதனையேனும் ஒரு பண்பாகத் திரட்டிச் சுட்டும். முதலிரண்டு படிகளும் எல்லா ஊர்களுக்கும் உரியவை. மூன்றாவது படியை எய்தும் ஊர்கள் சிலவே. அச்சிலவற்றுள்ளும், ஒரே பெயர் ஒருகால் வசையாகவும் பிறிதொருகால் புகழாகவும் வழங்கிய சிறப்புடையது வட இத்தாலியிலுள்ள பதுவை நகரம்.

பதுவை அந்தோனியார் என்னும் வழக்கினால் இந்நகரின் பெயர் தமிழ் வழங்கும் நாடுகளிலும் நன்கு அறியப்பட்டதே. அவர் பிறந்தது போர்த்துக்கல் நாட்டு லிசுபன் நகரில். 1231இல் உயிர் நீத்தது பதுவையை அடுத்த இடத்தில். எனினும் உலகம் அவரைப் பதுவையாராகவே அறியும். பதுவை மக்களோ ஊர்ப்பெயரையும் இயற்பெயரையும் விடுத்து அவரைப் 'புனிதர்' என்று மட்டுமே சுட்டுவர். பிறந்த ஊர் மறைந்து புகுந்த ஊர் நிலைத்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இதற்கு மறுதலையாக, புகழெல்லாம் உரோமையின் வரலாற்றை எழுதியதனால் பெற்ற ஒருவர்மீது, பிறந்த ஊரின் பெயரே குற்றமாகச் சுமத்தப்பட்ட செய்தியொன்று உண்டு. அதனை ஆராய்தலே ஈண்டு நோக்கம்.

பதுவையின் பழம்பெயர் பத்தாவியம். அவ்வூரார் பத்தாவினர். இப்பெயரோடு பண்பு குறிக்கும் 'தாஸ்' என்னும் ஈற்றைக் கூட்டிப் 'பத்தாவினித்தாஸ்' என்றொரு சொல் இலத்தீன் மொழியில் ஆக்கப்பட்டது. தமிழில் இதனைப் பத்தாவியத்தன்மை எனலாம். ஆக்கியவர் அசினியுஸ் பொல்லியோ. யாரைக் குறித்து ஆக்கினாரெனின், உரோமையின் பெருவரலாற்றாசிரியரான தீத்துஸ் லிவியுஸ் என்னும் லிவியைக் குறித்து. லிவியின் நூல் 142 பாகங்களைக் கொண்டது. இன்று எஞ்சியிருப்பவை 35. ஸ்பெயின் நாட்டின் கோடியிலுள்ள காதிசு நகரிலிருந்து ஒருவர் லிவியைக் காண்பதற்கென்றே உரோமைக்கு வந்து, கண்டவுடன் திரும்பிச் சென்றார் என்று இளைய பிளினி எழுதுகின்றார். அத்துணைப் புகழ் படைத்தவரிடத்தே பொல்லியோ கண்ட குற்றம் 'ஒருவகைப் பத்தாவியத்தன்மை' என்பதே.

பொல்லியோவின் கூற்று அவர் எழுதிய நூல் வழியாக நமக்குக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, கி. பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில், சொல்வன்மை பற்றிப் பெருநூல் இயற்றிய குவிந்திலியனே இதனை இரண்டிடங்களிற் குறிக்கின்றார். இரண்டிடத்தும் குற்றத்தின் பெயரைத் தருகின்றாரேயன்றி, அதற்கு ஓர் உதாரணமேனும் தந்தாரில்லை. பிற்காலத்து அறிஞரை இடர்ப்படுத்தியது இவ்வின்மையே. 1685இல் ஜெர்மானிய அறிஞர் மோர்கொப் இவ்வொரு சொல்லைப் பற்றியே தனிநூல் ஒன்று வெளியிட்டார். அதன் பின்னரும் ஆராய்ச்சி ஓய்ந்தபாடில்லை.

குற்றம் யாது என்பதைக் காணுமுன், குற்றத்தின் எதிர்ப்பண்பு யாது என்பதைக் காணல் வேண்டும். இலத்தீனில் 'ஊர்ப்ஸ்' என்பது நகரம். சிறப்பாக உரோமை நகரம். அதனடியாகப் பிறந்த 'ஊர்பானித்தாஸ்' என்பது நகரத்தாரின் பேச்சிலும் நடையிலும் விளங்கும் நயத்தைக் குறிப்பது. நகரம் என்பதனோடு தொடர்புடைய நாகரிகம் என்னும் சொல் நம்மிடையே நற்பண்பைக் குறிக்க வந்ததும், நாட்டுப்புறம் என்னும் சொல் சிலர் வாயில் இழிவுப் பொருள் ஏற்றதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன. (ஊர்ப்ஸ் என்பதற்கும் ஊர் என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் உள்ள ஒலியொப்புமை தற்செயலானது, அதுகொண்டு மயங்குதல் ஆகாது.) பொல்லியோவின் சொல்லாக்கம் இந்த ஊர்பானித்தாஸின் வார்ப்பிலே அமைந்தது. உரோமைத்தன்மை நயமாயின், பத்தாவியத்தன்மை அந்நயத்தின் குறைபாடு என்பது சொல்லின் அமைப்பிலேயே பொதிந்துள்ள வாதம்.

அந்நயந்தான் யாது? இவ்வினாவைச் சிசரோ தம் 'புரூட்டுஸ்' என்னும் உரையாடல் நூலில் எழுப்புகின்றார். உரோமைக்கு வெளியே பிறந்த பேச்சாளர்களிடம் எல்லாத் திறமும் இருப்பினும், நகரத்து நிறம் என்பதொன்று இல்லை என்கின்றார். அந்த நிறம் என்னவென்று கேட்கின்றார் புரூட்டுஸ். தனக்கும் அது தெரியாது, ஆனால் அப்படி ஒன்று உண்டென்பது மட்டும் தெரியும் என்பது சிசரோவின் விடை. மேலும், வட இத்தாலிப் பகுதியாகிய கல்லியாவுக்குச் செல்லும்போது உரோமையில் வழங்காத சொற்களைக் கேட்க நேரும். அவற்றை மறந்து வேறு சொற்களைக் கற்றுக்கொள்ளல் கூடும். குரலிலே ஒலிக்கும் அந்த நகரத்து ஒலியே கற்றுக்கொள்ளுதற்கு அரியது என்றும் கூறுகின்றார். சிசரோ இந்நூலை எழுதிய கி. மு. 46இல் லிவி இளஞ்சிறுவர். வாழ்ந்தது அவ்வட இத்தாலிப் பகுதியிலேயே. பொல்லியோவின் கண்டனத்துக்கு முன்னரே, அது விழுதற்கேற்ற குழி வெட்டப்பட்டிருந்தது எனலாம். இலக்கணம் கூற இயலாத ஒரு குணத்தை அளவுகோலாகக் கொள்ளின், அளக்கப்படுவோர் எவரும் அளப்போரின் விருப்பிற்கு உட்பட்டவரேயாவர்.

இனிக் குற்றம் யாது என்பது பற்றி எழுந்த கருத்துக்களை மூவகையாகப் பகுக்கலாம். எழுத்தும் சொல்லும் பற்றிய குற்றம் என்பது முதலாவது. வரலாற்றை நோக்கும் மனப்பாங்கு பற்றிய குற்றம் என்பது இரண்டாவது. அரசியற் பகையே இலக்கியக் கண்டனமாக வெளிப்பட்டது என்பது மூன்றாவது.

முதற்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது எழுத்துமுறை பற்றிய ஒரு செய்தி. 'சிபி', 'குவாசி' என இகர ஈற்றால் எழுதவேண்டிய சொற்களை லிவி எகர ஈற்றால் 'சிபெ', 'குவாசெ' என எழுதினார் என்றும், தாம் இதனைப் பெதியானுஸ் வாயிலாக அறிந்ததாகவும், அவரும் லிவியின் முறையையே பின்பற்றினார் என்றும் குவிந்திலியன் கூறுகின்றார். பெதியானுஸும் பத்தாவியத்தவரே. ஓரூரார் இருவர் ஒரே எழுத்துமுறையைக் கைக்கொண்டமை நோக்கத்தக்கது. ஆயினும் குவிந்திலியன் இச்செய்தியைக் கூறும்போது பத்தாவியத்தன்மை என்னும் சொல்லை எடுத்தாளவில்லை. அச்சொல்லை எடுத்தாளுமிடத்து இச்செய்தியைக் கூறவில்லை. இரண்டையும் முடிச்சிட்டவர்கள் பிற்காலத்து அறிஞர்களே. இவ்வீற்றெழுத்து வேறுபாடு பலருடைய நூல்களிலும் காணப்பட்டதென்று அவரே கூறியிருத்தலின், இதனைப் பத்தாவியத்துக்கே உரியதாக்குதலும் பொருந்தாது.

இரண்டாவது கருத்தை 20ஆம் நூற்றாண்டில் வலியுறுத்தியவர் ரொனால்ட் சைம். 1939இல் வெளிவந்த 'உரோமப் புரட்சி' என்னும் நூலில், பொல்லியோ கண்டித்தது சொல்லையன்று, லிவியின் வரலாற்று நோக்கையே என்று அவர் கொண்டார். பொல்லியோ உள்நாட்டுப் போரின் நடுவே நின்றவர்; படை நடத்தியவர்; கி. மு. 40இல் கொன்சல் பதவி வகித்தவர். அரசியலின் கொடுமைகளைக் கண்ணாற் கண்ட அவருக்கு, முன்னோரின் அறத்தையும் வீரத்தையும் விதந்து பாடுவது போன்ற லிவியின் வரலாறு, ஒதுங்கிய ஊரில் வாழ்ந்த நல்லவர் ஒருவரின் கனவாகத் தோன்றியிருக்கும் என்பது சைமின் வாதம்.

இவ்வாதம் கவர்ச்சி மிக்கது; பத்தாவியத்தாரின் ஒழுக்கம் பற்றிய புகழும் இதற்குத் துணைநிற்கின்றது. இளைய பிளினி, மணமகன் ஒருவனைப் பற்றிய கடிதத்தில் அவனது பாட்டி பத்தாவியத்தவர் என்பதைச் சிறப்பாகக் குறித்து, அவ்வூரின் ஒழுக்கம் அறிந்ததே; அவ்வூராருக்கே அவ்வம்மையார் கண்டிப்பில் முன்மாதிரி என்கின்றார். அங்கதக் கவிஞர் மார்சியாலிசும் பத்தாவியப் பெண்டிரைக் கட்டுப்பாட்டுக்கு உவமையாக்கி நகைக்கின்றார். நீரோ மன்னனின் கொடுமைக்கு அடிபணியாது கி. பி. 66இல் உயிர்விட்ட திராசேயா பேத்துஸ் அவ்வூரவரே. ஆகவே பத்தாவினர் என்ற அளவில் 'பழைய ஒழுக்கத்தினர்' என்னும் பொருள் கேட்போர் உள்ளத்தில் தோன்றியிருத்தல் கூடும்.

ஆயினும் சான்றை நோக்குமிடத்து இவ்வாதம் தளர்கின்றது. பொல்லியோவின் நூல்கள் குவிந்திலியன் காலத்தில் வழக்கிலிருந்தன. அவற்றை அறிந்த அவர், இக்கண்டனத்தை இரண்டிடத்தும் சொல் பற்றிய ஆராய்ச்சியிலேயே வைத்தாரன்றி, வரலாற்றாசிரியர்களின் தரத்தை மதிப்பிடும் பகுதியில் வைக்கவில்லை. அப்பகுதியில் அவர் லிவியை எரொதோத்தஸுக்கு ஒப்பாக வைத்துப் போற்றுகின்றார். மனப்பாங்கே குற்றமாயின் அதனைக் கூறுதற்குரிய இடம் அதுவே. எனவே பொல்லியோ கருதியது மொழி பற்றியதே என்பது வலுவுடைய முடிபு.

அவ்விரண்டு இடங்களையும் ஊன்றி நோக்கின், கண்டனத்தின் தன்மை பின்னும் விளங்கும். முதலாமிடத்தில் குவிந்திலியன் அயற்சொற்களைப் பற்றிப் பேசுகின்றார். இத்தாலியின் பிற பகுதிச் சொற்களைப் பற்றித் தாம் பேசப்போவதில்லை என்று கூறி, வெத்தியுஸ் என்பவரை லூசிலியுஸ் தாக்கியதையும், லிவியைப் பொல்லியோ குறைகூறியதையும் ஓரிணையாகக் காட்டுகின்றார். ஆனால் அவ்விடத்திலேயே, இத்தாலிக்குரிய யாவற்றையும் உரோமைக்குரியனவாகத் தாம் கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொள்கின்றார். இச்சிறு தொடரைப் பலரும் போதிய அளவு மதிக்கவில்லை. பொல்லியோவின் காலத்தில் குற்றமாயிருந்தது நூறாண்டு கழிந்தபின் குற்றமாகாது ஒழிந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இவ்வாறு கூறிய குவிந்திலியனும் உரோமையிற் பிறந்தவர் அல்லர்; ஸ்பெயின் நாட்டுக் கலாகுறிஸ் என்னும் ஊரினர்.

இரண்டாமிடம் இதனினும் சுவையானது. ஏதென்சு நகரில் நெடுங்காலம் வாழ்ந்த தெயோபிராத்தஸ் என்னும் மெய்யறிஞரை, ஒரேயொரு சொல்லைக் கேட்ட அளவில், 'அயலூரான்' என்று கண்டுகொண்டாள் ஒரு கிழவி. எவ்வாறு அறிந்தாய் என வினவியபோது, அவர் மிகையான ஏதென்சு வழக்கிற் பேசுகின்றார் என்றாளாம். இக்கதையைக் கூறி, உடனே அதன் தொடர்ச்சியாக லிவியின் பத்தாவியத்தன்மையைக் குறிக்கின்றார் குவிந்திலியன். தெயோபிராத்தஸின் குற்றம் கொச்சைமொழி பேசியமை அன்று. அளவு கடந்த திருத்தமே. அக்கதையின் நிழலில் வைத்து நோக்கின், லிவியின் குற்றமும் கொச்சையாயிராது, நூல்களிலிருந்து பெரும்பாடுபட்டுக் கற்றவரின் மிகைத் திருத்தமாயிருத்தல் கூடும். தம் மகனுக்கு எழுதுகையில், தெமொஸ்தெனீசையும் சிசரோவையும் படிக்கவேண்டும். அடுத்து அவ்விருவரோடு எத்துணை ஒத்திருக்கின்றாரோ அத்துணைக்குப் பிறரைப் படிக்கவேண்டும் என்று கூறியவர் லிவி. இலக்கணத் தூய்மையில் இத்துணைக் கருத்துடைய ஒருவர் ஊர்க்கொச்சையைத் தம் நூலிற் புகவிட்டார் என்பது நம்பத்தக்கதன்று. தலைநகரில் பிறந்தவன் பிழைபடப் பேசினும் அது வழக்கு. வெளியூரான் பிழையறப் பேசினும் அது செயற்கை. இந்த இருமுனைக் கத்தியே பத்தாவியத்தன்மை என்னும் சொல்லின் உள்ளீடு என்று கொள்ளின், குவிந்திலியன் அதற்கு உதாரணம் காட்டாமையும் வியப்பாகாது.

அவ்விடத்தின் முடிவில் அவர் கூறுவதும் கருதத்தக்கது: சொற்களும் குரலும் இந்நகரத்தின் வளர்ப்பென்று தோன்றவேண்டும், பேச்சு, குடியுரிமை பெற்றதுபோல் அன்றிப் பிறப்பிலேயே உரோமையினதாகத் தோன்றவேண்டும் என்கின்றார். குடியுரிமை என்னும் இவ்வுவமை வெறும் அணியன்று. பத்தாவியத்தார் உரோமைக் குடியுரிமை பெற்றதே கி. மு. 49இல். மரபின்படி கி. மு. 59இல் பிறந்த லிவி, உரோமைக் குடிமகனாகப் பிறந்தவரல்லர், சிறுவயதில் ஆக்கப்பட்டவர். சட்டம் கொடுத்த சமத்துவத்தைச் சொல்லின் சுவை பறித்துக்கொண்டது.

மூன்றாவது கருத்து அரசியற் பகை பற்றியது. கி. மு. 43இல் அந்தோனி செனற் சபையோடு பகைத்தபோது, பத்தாவியத்தார் அந்தோனியின் ஆட்களைத் துரத்தி, செனற் சபைக்குப் பொருளும் படையும் படைக்கலமும் உதவினர் என்று சிசரோ புகழ்கின்றார். பொல்லியோ பின்னர் அந்தோனியின் பக்கம் நின்றவர். அவர் பத்தாவியத்தாரிடம் பணமும் ஆயுதமும் கேட்டுக் கடுமையாக நெருக்கியபோது செல்வர்கள் ஒளித்துக்கொண்டனர் என்றும், காட்டிக்கொடுக்கும் அடிமைகளுக்கு வெகுமதியும் விடுதலையும் வழங்கப்படும் என்று அறிவித்தும் ஓரடிமையேனும் தன் தலைவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் மக்குரோபியுஸ் என்னும் ஆசிரியர் கூறுகின்றார். அப்போது லிவி அவ்வூரில் வளர்ந்துவந்த இளைஞர். பொல்லியோவுக்குப் பத்தாவியம் என்னும் பெயர் இனிய நினைவை எழுப்பியிராது என்பது ஒருதலை. எனினும் இதனையே முழுக் காரணமாக்குதல் பொருந்தாது. பொல்லியோ எவரையும் விட்டுவைத்தவரல்லர். சல்லுஸ்தியுஸ் பழஞ்சொற்களை மிகுதியாகக் கையாண்டார் என்றும், சீசரின் நூல் கவனக்குறைவாகவும் உண்மைக்கு மாறாகவும் எழுதப்பட்டது என்றும் அவர் குறைகூறியுள்ளார். சிசரோவிடமும் அவர் பகைமை பாராட்டியவர்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சல்லுஸ்தியுஸையும் சீசரையும் குறைகூறும்போது பொல்லியோ குற்றத்தைப் பெயரிட்டுக் கூறினார். பழஞ்சொல் என்பது ஒரு குற்றம். கவனக்குறைவு என்பதும் ஒரு குற்றம். இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். லிவியிடத்திலோ குற்றத்தின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயரை வைத்தார். ஊரை எவ்வாறு மறுப்பது? திறனாய்வு இவ்விடத்தில் திறனாய்வாக இராது வெறும் அடையாளக்குறியாகிவிடுகின்றது.

பொல்லியோவின் பிறப்பை நோக்கின் இது பின்னும் தெளிவாகும். அவரும் உரோமையிற் பிறந்தவர் அல்லர். மத்திய இத்தாலியிலுள்ள மருசீனர் குடியைச் சார்ந்தவர். அவருடைய பாட்டனார் என்று கருதப்படும் ஏரியுஸ் அசினியுஸ், உரோமைக்கு எதிராக இத்தாலியக் குடிகள் கிளர்ந்தெழுந்த போரில் மருசீனருக்குத் தலைமை தாங்கி, கி. மு. 90இல் மாண்டவர். அச்செய்தியைத் தம் வரலாற்றிற் பதிந்தவருள் ஒருவர் லிவி என்பது, அந்நூலின் அழிந்த பகுதிக்கு எஞ்சியுள்ள சுருக்கத்தால் அறியப்படும். நேற்று வந்தவன் இன்று வந்தவனை அயலான் என்றல் உலகியல்பு.

இனி லிவியின் நூலிலே பத்தாவியம் உண்மையாகவே உண்டா என வினவின், உண்டு என்பதே விடை. ஆனால் அது குற்றமாக அன்று, அன்பாக உண்டு. உரோமையின் வரலாற்றைத் தொடங்கும் அவர், உரோமையரின் மூதாதையான ஏனெயாஸ் கதையை விரித்துரைக்குமுன், திரோயாவிலிருந்து தப்பி அதிரியாத்திக் கடலின் கோடியை அடைந்த அந்தேனோரின் கதையைக் கூறுகின்றார். அந்தேனோரே பத்தாவியத்தை நிறுவியவர் என்பது மரபு. லிவி ஊரின் பெயரை அவ்விடத்திற் கூறாது அடக்கமாகவே செல்கின்றார், அறிந்தார் அறிவர். பத்தாம் பாகத்தில், கி. மு. 302இல் படையெடுத்துவந்த ஸ்பார்த்த நாட்டுக் கிளியோனிமுஸைப் பத்தாவியத்தார் முறியடித்த செய்தியை விரித்துரைக்கின்றார். பகைவரின் கப்பல் மூக்குகள் யூனோ தெய்வத்தின் பழைய கோயிலிலே தொங்கவிடப்பட்டிருந்தன. அவற்றைக் கண்டவர்கள் இன்றும் பலர் உளர். அப்போர் நடந்த நாளில் ஆண்டுதோறும் நகர் நடுவே ஓடும் ஆற்றில் ஓடப்போட்டி நிகழும் என்கின்றார். உரோமையின் பெருவரலாற்றில் இச்சிறு போருக்கு இடமில்லை எனினும் வரலாற்றாசிரியர் இடமளித்தார். அக்கோயிலையும் ஆற்றையும் சிறுவயதிற் கண்ட கண்களின் சாயல் அப்பகுதியில் உள்ளது. இதுவே பத்தாவியத்தன்மை எனில், அதனைக் களைந்தால் நூல் வறிதாகுமேயன்றிச் செம்மையுறாது.

இச்சொல்லின் கதை பொல்லியோவோடு முடியவில்லை. தாந்தே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்மொழி வழக்குப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில், இத்தாலியின் பேச்சுவழக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கின்றார். பதுவையார் 'தாஸ்' என்னும் ஈற்றையுடைய பண்புப்பெயர்களை அருவருக்கத்தக்கவாறு குறைத்து ஒலிக்கின்றனர் என்பது அவர் கூறும் குறை. பொல்லியோ பதுவையார்மீது ஒட்டிய ஈற்றையே அவர்கள் பேச்சில் வெட்டியெறிந்தனர் என்று இதனை வேடிக்கையாகக் கூறலாம். ஆயினும் தாந்தேயின் முறை பொல்லியோவின் முறையன்று. அவர் உதாரணம் காட்டுகின்றார். தாய்வழக்கினின்றும் விலகிப் பொதுவழக்கை நாடிய பதுவையார் ஒருவரைப் பெயர்கூறிப் பாராட்டுகின்றார். தலைநகரென்று உரோமைக்கும் சலுகை காட்டாது அதன் வழக்கையே மிகவும் இழிந்ததென்கின்றார். தாம் பிறந்த புளோரன்சு நகரின் வழக்கையும் தள்ளுகின்றார். தன் ஊரையும் அளவுகோலுக்கு உட்படுத்துபவனே பிறனூரை அளக்கும் உரிமை பெறுகின்றான்.

16ஆம் நூற்றாண்டில் பதுவையிலேயே இவ்வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. வெனிசு நகரத்தவராயினும் பதுவையில் நெடுங்காலம் வாழ்ந்த பியெத்திரோ பெம்போ, 1525இல் வெளியிட்ட நூலில், பெத்திரார்க்கா, பொக்காச்சியோ ஆகியோரின் தொஸ்கானா வழக்கே இலக்கியத்துக்குரிய செம்மொழி என நிறுவினார். அதே நகரில் அதே காலத்தில் அஞ்செலோ பெயோல்கோ என்பவர், பதுவை நாட்டுப்புற மக்களின் 'பவானோ' என்னும் பேச்சிலே நாடகங்கள் எழுதி, தாமே 'ருசாந்தே' என்னும் குடியானவனாக நடித்தார். 'மொஸ்கேத்தா' என்னும் நாடகத்தின் தலைப்பே நயம்பூசிய பேச்சைக் குறிப்பது. குடியானவன் மாறுவேடம் பூண்டு, அந்த நயமொழி பேசித் தன் மனைவியின் கற்பைச் சோதிக்கச் செல்கின்றான், அவள் இணங்கிவிடுகின்றாள். பிறர் மொழியை ஆடையாக உடுத்தவனுக்குத் தன் வீடே அயலாகின்றது. மற்றொரு நாடகத்தில் போரிலிருந்து மீண்ட ஏழை ஒருவன், மனைவியையும் மானத்தையும் இழந்து நிற்கும் காட்சியைப் பவானோ மொழி கண்ணீரும் நகைப்புமாகக் காட்டுகின்றது.

எனினும் பெயோல்கோவை மண்ணின் குரலென்று மட்டும் கூறி அமைதல் போதாது. அவர் மருத்துவ அறிஞர் ஒருவரின் மகன். அவருடைய நாடகங்களைக் கண்டுகளித்தோருள் செல்வர் பலர். அவர் கையாண்ட பவானோ கற்றவர் ஒருவரால் தெரிந்தெடுத்துச் செதுக்கப்பட்ட கலைமொழி. அதனாலேயே அது நின்றது. வழக்கு எதுவாயினும் அதனைக் கலையாக்குவது ஆசிரியனது உழைப்பே என்பதை இது காட்டும். 1997இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற இத்தாலிய நாடகாசிரியர் தாரியோ போ, தம் பரிசேற்புரையில் பெயோல்கோவைத் தம் பேராசான்களுள் ஒருவராகப் போற்றினார்.

இதற்கிடையில் பத்தாவியம் என்னும் அடைமொழி மற்றொரு சொல்லோடு சேர்ந்து உயர்ந்தது. பொலோஞாவிலிருந்து பிரிந்துவந்த ஆசிரியரும் மாணவரும் 1222இல் தொடங்கிய பதுவைப் பல்கலைக்கழகம், 'பத்தாவியத்துச் சுதந்திரம் முழுமையும் அனைவர்க்கும்' என்னும் பொருளுடைய வாசகத்தைத் தன் முத்திரைமொழியாகக் கொண்டது. கொப்பேர்னிக்கஸ் அங்குக் கற்றார். 1592 முதல் 1610 வரை கலிலியோ அங்குக் கற்பித்தார். குருதியோட்டத்தை விளக்கிய ஹார்வி 1602இல் அங்குப் பட்டம் பெற்றார். 1678இல் எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா என்னும் பெண்மணி மெய்யியலில் கலாநிதிப் பட்டம் பெற்றதும் அங்கேயே. 'பத்தாவினித்தாஸ்' என்னும் பழிச்சொல்லும், 'பத்தாவினா லிபெர்த்தாஸ்' என்னும் புகழ்ச்சொல்லும் ஒரே அடியும் ஒரே ஈறும் உடையன. இடையிலே நிகழ்ந்தது இலக்கண மாற்றமன்று. அந்நகரத்தார் செய்த தொண்டு.

புகழ்ச்சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு மற்றொரு வழக்கு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பதுவையினரான ஜொவான்னி தா காவினோ, பண்டை உரோமை நாணயங்களைப் போன்று மிகச் சிறப்பாக நாணயங்கள் உருவாக்கினார். இன்றும் நாணயவியலார் அத்தகைய போலிகளைப் 'பதுவையன்' என்றே வழங்குவர். ஒரே நகரின் பெயர் அறிவுச் சுதந்திரத்தையும் போலி நாணயத்தையும் குறிக்கும்போது, ஊர்ப்பெயர் என்பது பாத்திரம், அதனுள் இடப்படுவதே பொருள் என்பது புலனாகும்.

இவ்வகை வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபு தந்த விடை வேறு. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களிலும் வழங்கும் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வகுத்தார். புறத்தேயிருந்து வருவதற்கு வாயிலும் பெயரும் இடமும் கொடுத்த வகுப்பு அது. பிற்காலத்திலே செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் பகுப்பு மேலோங்கியபோதும், இத்தாலியின் மாந்துவா நாட்டுப் பகுதியிற் பிறந்த வீரமாமுனிவர், செந்தமிழுக்கு மட்டுமன்றிக் கொடுந்தமிழுக்கும் இலத்தீனிலே தனி இலக்கணம் வகுத்தார். பொதுமக்களின் வழக்கும் விதியுடையது, கற்கத்தக்கது என்பதை அந்நூல் செயலால் ஒப்புக்கொண்டது. குறையென்று கருதப்படுவதையும் விளக்கிக் காட்டுவது அறிஞர் கடன். பொல்லியோ அக்கடனைச் செலுத்தாது சென்றார்.

காலம் இவ்வழக்குக்கு வழங்கிய தீர்ப்பு கடுமையானது. பொல்லியோ எழுதிய உள்நாட்டுப் போர் வரலாறு அழிந்தது. சிசரோவைப் பற்றிய ஒரு பகுதியும், சிசரோவுக்கு எழுதிய மூன்று கடிதங்களும், மற்றுஞ் சில துணுக்குகளுமே எஞ்சின. உரோமையில் முதன்முதலாகப் பொது நூல்நிலையம் அமைத்த பெருமை அவருக்குரியது. அந்நூல்நிலையமும் அவர் நூலைக் காக்கவில்லை. லிவியின் நூலோ நான்கிலொரு பங்கே எஞ்சியபோதும், அப்பங்கே உரோமையை உலகுக்குக் காட்டும் கண்ணாடியாக நிற்கின்றது. பொல்லியோ ஆக்கிய சொல்லும் லிவியின் பெயரைப் பற்றிக்கொண்டே பிழைத்திருக்கின்றது.

நூலைக் குறைகூறுவோர் குற்றத்தைப் பெயரிட்டுக் கூறுக. இடம் சுட்டிக் காட்டுக. கூறியதைப் பிறர் சோதித்தற்கு வழிவிடுக. இம்மூன்றும் இன்றி ஆசிரியனது ஊரைச் சுட்டி அமைவோர், நூலைப் பற்றி ஒன்றும் கூறியவராகார். தம் காதைப் பற்றியே கூறியவராவர். இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் பலர் தேடியும் லிவியின் இலத்தீனில் பத்தாவியத்தன்மை இதுதான் என்று ஐயமறக் காட்டினாரில்லை. காட்ட இயலாத குற்றத்தைச் சுமந்த நூல் இன்றும் படிக்கப்படுகின்றது.